முதல் தடவை யூரின் தொற்றுக்கே எம்.சி.யூ.ஜி எடுக்க வேணுமா?

தேயிலைச்சரிவு (கேள்வி)

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் தாய், பிள்ளை நலக் களவேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு, "பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் குழாய் போட்டுப் படம் எடுத்தாங்க, எங்க பிள்ளைக்கு ஏன் எடுக்கல?" என்கிறார்கள் தாய்மார். அந்தக் குழாய்ப் படம்தான் எம்.சி.யூ.ஜி: மூத்திரப்பையில் மருந்து நிரப்பி, பிள்ளை பெய்யும்போது எடுக்கும் எக்ஸ்ரே. டொக்டர் எடுக்கச் சொல்லியிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரோ, "அந்தக் குழாய் வேணாம் மிஸ்" என்று ஒளிக்கிறார்கள். இப்போது மூன்று பிள்ளைகள்:

1) 11 மாதப் பெண் குழந்தை. மூன்று நாள் காய்ச்சல், கல்ச்சரில் (யூரினில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற குடல் கிருமி. ஊசி மருந்து தொடங்கி ஒன்றரை நாளில் காய்ச்சல் விட்டது. ஸ்கேன் நோர்மல். சொந்தக்காரர் ஒருவர் தனியார் இடத்தில் எம்.சி.யூ.ஜி எடுக்கச் சொல்கிறார்.

2) 7 வார ஆண் குழந்தை. வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீக்கம், மூத்திரப்பை பெரிது என்று இருக்கிறது. பிறந்த பிறகு ஸ்கேன் எடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை. சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம்.

3) 6 வயதுப் பெண் பிள்ளை. இரவில் மட்டும் படுக்கையில் போகிறாள். "மூத்திரப்பையை ஒருக்கா படம் எடுத்துப் பார்த்தா என்ன?" என்று தாய் கேட்கிறார்.

யாருக்கு எது?

---

சிறுநீரக_கிளினிக்

இரண்டாவது பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். இன்றைக்கே அனுப்புங்கள். ஆண் குழந்தை, இரண்டு பக்கமும் வீக்கம், பெரிய மூத்திரப்பை, சொட்டுச் சொட்டாகப் போவது: இந்த நான்கும் ஒன்றாக வந்தால் மூத்திரக் குழாயின் உள்ளே பிறவியிலேயே ஒரு சவ்வு மறிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ் என்று கார்டில் எழுதுவார்கள். காய்ச்சல் இல்லை என்பது இங்கே ஆறுதல் இல்லை. கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; குழந்தை வார்டு உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போகட்டும். அங்கே முதலில் ஸ்கேன், இரத்தத்தில் கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம். மூத்திரப்பை நிறைந்து நின்றால் கெத்தீட்டர் (மெல்லிய குழாய்) போட்டு வடியவிட்டு, உப்புச் சத்துகளைச் சீராக்கிய பிறகு எம்.சி.யூ.ஜி. பேராதெனிய சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றுவதென்றால் வார்டு டொக்டர் பேசி அனுப்புவார். கையோடு கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட் போக வேண்டும், அது இல்லாமல் போனால் பாதிக் கதை இங்கேயே நின்றுவிடும். இன்னொன்று: மூத்திரத் தாரை நன்றாகப் போகிறது என்று தாய் சொன்னாலும் வால்வ் இல்லை என்று ஆகாது.

இனி முதலாவது பிள்ளை. எம்.சி.யூ.ஜி வேண்டாம்.

அந்தப் படம் இரண்டே இரண்டு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மூத்திரப்பையிலிருந்து யூரின் சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்புகிறதா (இதுதான் ரிஃப்ளக்ஸ்)? மூத்திரம் போகும் குழாயில் அடைப்பு உண்டா? சிறுநீரகத்தில் தழும்பு விழுந்ததா என்று அது சொல்லாது, அதற்கு டி.எம்.எஸ்.ஏ என்ற வேறு ஸ்கேன். தொற்று மாறிவிட்டதா என்றும் சொல்லாது. அதைப் பிள்ளையே சொல்லும்.

ஒரு காலத்தில் காய்ச்சலோடு யூரின் தொற்று வந்த எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் எடுத்தார்கள். யூரின் மேலே திரும்புவதால் தழும்பு வருகிறது, திரும்புவதைக் கண்டுபிடித்து இரவில் ஒரு வேளை அன்டிபயோட்டிக் கொடுத்தால் தழும்பைத் தடுக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கின் இரண்டாம் பாதி சரிவரவில்லை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரிஃப்ளக்ஸ் உள்ள 607 பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இரண்டு வருடம் கோட்ரைமொக்ஸசோல் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். திரும்பத் தொற்று வந்தவர்கள் மருந்து எடுத்த 302 பேரில் 39, எடுக்காத 305 பேரில் 72. தொற்று குறைந்தது உண்மை. தழும்பில் வித்தியாசம் இல்லை. மருந்து எடுத்தும் ஈ.கோலை வந்தவர்களில் அந்த மருந்துக்கு மசியாத கிருமி கூடுதலாக இருந்தது. முதலாம், இரண்டாம் தர (இலேசான) ரிஃப்ளக்ஸ் பெரும்பாலும் பிள்ளை வளர வளரத் தானாகவே நின்றுவிடும். ஆகவே, நன்றாகத் தேறிய பிள்ளையிடம் ஒரு சின்ன ரிஃப்ளக்ஸைத் தேடிப் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

2007இல் வந்த பிரித்தானிய வழிகாட்டி, 6 மாதம் முதல் 3 வயதுவரையான பிள்ளை 48 மணித்தியாலத்துக்குள் தேறினால் ஸ்கேன்கூடத் தேவையில்லை என்றது. 2011இன் அமெரிக்க வழிகாட்டி 2 மாதம் முதல் 2 வயதுவரை காய்ச்சலோடு யூரின் தொற்று வந்த எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னது, எம்.சி.யூ.ஜியை முதல் தொற்றுக்கு வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றது. ஸ்கேனில் இரண்டும் வேறுபடுகின்றன, எம்.சி.யூ.ஜியில் இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஸ்கேனும் எடுத்தாயிற்று, சுத்தம்.

எப்போது கதை மாறும்? 48 மணித்தியாலம் சரியான மருந்து போயும் காய்ச்சல் விடாதது, இரத்தத்தில் கிருமி பரவியது, கிரியட்டினின் ஏறியது, வயிற்றிலோ மூத்திரப்பையிலோ கட்டி தட்டுப்படுவது, தாரை மெலிந்து போவது, ஈ.கோலை அல்லாத கிருமி (சூடோமொனாஸ், புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்றவை). இதில் ஒன்று இருந்தால் அது வழமையான தொற்று இல்லை, தொற்று இருக்கும்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும். 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளையானால் எம்.சி.யூ.ஜியும் சேரும். அதற்கு மேல் 3 வயதுவரை, ஸ்கேனில் வீக்கம், தாரைக் குறை, வேறு கிருமி, குடும்பத்தில் ரிஃப்ளக்ஸ் என்று ஏதாவது இருந்தால் யோசிப்போம். காய்ச்சலோடு இரண்டாம் தடவை தொற்று வந்தாலும் கேள்வியைத் திரும்பத் திறக்க வேண்டும். 3 வயது தாண்டினால் இந்தப் படத்துக்கு வேலை மிகக் குறைவு.

மூன்றாவது பிள்ளைக்கு எந்தப் படமும் வேண்டாம். 5 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் அளவில் இரவில் போவார்கள். பகலில் நனைப்பது, அவசரமாக ஓடிப்போய்ப் பெய்வது, காலைப் பின்னிக்கொண்டு அடக்குவது, மலச்சிக்கல் இதெல்லாம் உண்டா என்று கேளுங்கள். முதுகின் அடியில் குழியோ, மயிர்க்கற்றையோ, கட்டியோ இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பின்னேரத்தில் தேநீரைக் குறைப்பதும் படுக்கப் போகுமுன் பெய்துவிட்டுப் போவதும் முதல் வைத்தியம். பகல் தொல்லை இருந்தால் ஸ்கேன் போதும், ஆனால் பெய்துவிட்டு வந்த பிறகும் ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த வயதில் மூத்திரப்பையில் திரும்பத் திரும்ப 20 மில்லிக்கு மேல் மிஞ்சினால் அது கவனிக்க வேண்டியது. அதே ஸ்கேனில் மலக்குடல் 30 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்திருந்தால், மூத்திரப்பையை விட்டுவிட்டு முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள்.

---

ஆய்வுகூட_மேசை

டொக்டர் சொன்னது எல்லாம் "அது உண்மையிலேயே யூரின் தொற்றுதான்" என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தேவையில்லாத எம்.சி.யூ.ஜிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும்.

ஒட்டும் பையில் எடுத்த யூரின் கழுவித் துடைத்த தோலைத் தொட்டுத்தான் பைக்குள் போகிறது. ஒன்றும் வளரவில்லை என்றால் அந்தப் பதிலை நம்பலாம். வளர்ந்தால் நம்ப முடியாது. பம்பர்ஸைப் பிழிந்து எடுத்தது, உள்ளே பஞ்சு வைத்து எடுத்தது கல்ச்சருக்கு ஆகாது. "மிக்ஸ்ட் குரோத்" என்று வந்தால் அது தொற்று இல்லை, அழுக்கு. திரும்ப எடுக்க வேண்டும். கணக்கும் எடுத்த விதத்தைப் பொறுத்தது. நடுத்தாரையில் (முதல் சொட்டுகளை விட்டு) பிடித்ததில் ஒரு மில்லிக்கு 1,00,000 கிருமி வேண்டும். கெத்தீட்டரில் 50,000 போதும். அடிவயிற்றில் ஊசியால் நேரே எடுத்ததில் எது வளர்ந்தாலும் கணக்கு. ஆகவே படிவத்தில் "எப்படி எடுத்தது" என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள், அது இல்லாமல் நாங்கள் தரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அடுத்தது பயணம். அறைச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் இருக்கிற நாலு கிருமி நாலாயிரம் ஆகிவிடும். 4 பாகை குளிர்சாதனப் பெட்டியில் 24 மணித்தியாலம் வைக்கலாம். "மலைநாட்டுக் குளிர் தானே, வெளியே வைத்தால் போதும்" என்பது சரியில்லை: விடியற்காலையிலும்கூட அது பெட்டிக் குளிர் ஆகாது, மத்தியானம் பஸ்ஸுக்குள் இன்னும் ஆகாது. ஐஸ் துண்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று போதும். அதற்காகத் தடுப்பூசிப் பெட்டியில் யூரின் போத்தலை வைத்துவிடாதீர்கள், அது தடுப்பூசிக்கு மட்டும். கிருமி பெருகாமல் இருக்கப் போறிக் அசிட் போட்ட போத்தலானால் கோடுவரை நிரம்ப வேண்டும். சின்னப் பிள்ளையின் 3 மில்லியை அதில் விட்டால் மருந்து கூடிப்போய்க் கிருமியையே அமுக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அன்டிபயோட்டிக் முதல் சொட்டு போவதற்கு முன் யூரின். பிறகு எடுத்தால் ஒன்றும் வளராது. அப்போது கிருமியும் தெரியாது, ஏ.பி.எஸ்.டியும் (கிருமி எந்த அன்டிபயோட்டிக்குக்கு மசியும் என்ற சோதனை) இல்லை.

---

தேயிலைச்சரிவு

இரண்டாவது பிள்ளையைத் தாயோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று, ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் கொடுத்தோம்.

சேர், 4 மாதப் பிள்ளையிடம் நடுத்தாரையை எப்படிப் பிடிப்பது? பை இல்லாவிட்டால் அரை நாள் போத்தலோடு காத்திருக்க வேண்டியதாகிறது. அதோடு, அந்தக் குழாய்ப் படத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது தெளிவாகச் சொன்னால் தாய்மாருக்குச் சொல்ல வசதி.

---

ஆய்வுகூட_மேசை

பால் கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து, கழுவித் துடைத்து, பம்பர்ஸைக் கழற்றுங்கள். குளிர்ந்த சேலைனில் நனைத்த துணியால் மூத்திரப்பைக்கு மேல், அடிவயிற்றில் வட்டமாகத் தேயுங்கள். 2017இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்வில் இப்படிச் செய்த குழந்தைகளில் 31 வீதம் 5 நிமிடத்துக்குள் போனார்கள், சும்மா காத்திருந்தவர்களில் 12 வீதம். போத்தலைத் திறந்து கையில் தயாராக வைத்திருக்க ஒருவர், தேய்க்க ஒருவர். முதல் சொட்டுகளை விட்டுப் பிடியுங்கள். பிள்ளை வாடி, சோர்ந்து இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம், வார்டில் கெத்தீட்டரால் எடுத்து மருந்தைத் தொடங்கட்டும்.

---

கதிர்ப்பட_அறை

படத்தைப் பற்றி மிஸ் கேட்டதற்கு.

பட்டினி தேவையில்லை. பாலைக் குடித்துவிட்டு வரலாம். மயக்க மருந்து கொடுப்பதில்லை, பிள்ளை தானாகப் பெய்ய வேண்டும், அந்த நேரத்துப் படம்தான் முக்கியம். தொற்று இருக்கும் நேரத்தில் எடுப்பதில்லை. மூன்று நாளுக்கு அன்டிபயோட்டிக் தருவார்கள், படம் இரண்டாம் நாளில் விழ வேண்டும். மலைப்பகுதிப் பிள்ளைகளில் அடிக்கடி பிசகுவது இதுதான்: முதல் நாள் மருந்தைப் போடாமல் விடிய நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். திகதி தள்ளிப் போகும். கார்டில் "படத்துக்கு முதல் நாள் காலை தொடங்கவும்" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மேசையில் கிடத்தி, கழுவி, ஜெல் தடவி 5 அல்லது 6 பிரெஞ்ச் (குழாயின் தடிப்பு அளவு) மெல்லிய குழாய் போடுவோம், பெரிய பிள்ளைக்கு 8. பெரிய ஆட்களுக்குப் போடும் பலூன் வைத்த கெத்தீட்டர் கூடாது. பலூன் படத்தில் கட்டிபோலத் தெரியும், வழியையும் மறிக்கும். படத்தில் தெரிவதற்கான அயடின் கலந்த மருந்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மேசைக்கு மேல் ஒரு மீற்றருக்கு மிஞ்சாத உயரத்தில் தொங்கவிட்டுத் தானாக இறங்க விடுவோம். சிரிஞ்சால் தள்ளுவதில்லை, தள்ளினால் இல்லாத ரிஃப்ளக்ஸும் வரும், பிள்ளைக்கும் வலிக்கும். குளிர்ந்த மருந்து இறங்கினால் மூத்திரப்பை நிறையுமுன்னே பிள்ளை பெய்துவிடும், குளிர்காலத்தில் இதை மறக்கக் கூடாது.

எவ்வளவு? இரண்டு வயதுக்கு மேல் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்குங்கள்: 3 வயதுக்கு 150 மில்லி. கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 7 மில்லி: 8 கிலோவுக்கு 56. இது குறி மட்டும்தான். கால் விரல் மடங்குவது, குழாயைச் சுற்றிக் கசிவது, மருந்து இறங்குவது நிற்பது, இவைதான் நிறைந்ததற்கு அடையாளம்.

பாதி நிறையும்போது ஒரு படம், நிறைந்ததும் பிள்ளையை இரண்டு பக்கமும் சரித்து, பெய்யும்போது, பெய்து முடிந்ததும். ஆண் குழந்தை பெய்யும்போது பக்கவாட்டில் திருப்பி மூத்திரக் குழாய் முழுவதும் தெரிய எடுக்காவிட்டால் அந்த எம்.சி.யூ.ஜி எடுத்தும் எடுக்காததுதான். வால்வைத் தேடி அனுப்பிய பிள்ளையின் ரிப்போர்ட்டில் யூரித்ரா (மூத்திரக் குழாய்) பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குழாயை எடுக்காமல் இரண்டாம் தடவை நிரப்புவோம், முதல் தடவையில் ஒளிந்த ரிஃப்ளக்ஸ் இரண்டாவதில் தெரிவதுண்டு.

கதிர் அளவு, விட்டு விட்டுப் பாய்ச்சும் இயந்திரத்தில், சாதாரணமாக ஒரு வருடத்தில் இயற்கையாகவே நம்மேல் படுவதைவிடக் குறைவு. ஆகவே "கதிர் பட்டால் பிள்ளை கெட்டுவிடும்" என்று பயப்படுத்தாதீர்கள். குழாயின் தொல்லைதான் பெரிது. அறைக்குள் வரும் தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தகப்பனோ பாட்டியோ உள்ளே வரலாம். முதுகில் பிறவிக் குறை உள்ள பிள்ளைக்கு லேடெக்ஸ் கையுறை, குழாய் இரண்டும் கூடாது. அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

படம் முடிந்த பிறகு ஒரு நாள் எரிவு, ஓரிரு தடவை இளஞ்சிவப்பாகப் போவது நடக்கும். இளஞ்சூட்டு நீரில் இருத்திப் பெய்ய விடலாம். காய்ச்சலடித்தால், 8 மணித்தியாலம் போகாவிட்டால், ஆஸ்பத்திரி.

---

வெளிநோயாளர்_பிரிவு

டொக்டர் சொன்ன வழிகாட்டிகளில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவை ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன: இரண்டாம் தொற்று வந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று. தோட்டத்தில் காய்ச்சல் என்றால் பரசிட்டமோல், மூன்றாம் நாள் கையில் கிடைத்த அமொக்ஸிசிலின். யூரின் பார்ப்பதில்லை. பிள்ளை தேறிவிடும், "தடிமன் காய்ச்சல்" என்று பெயர் போய்விடும். அப்படி நாலு தடவை போனபிறகு தழும்போடு வருகிறது. பொகவந்தலாவையிலிருந்து ஹற்றன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதெனிய போய்த் திரும்ப ஒரு நாள் பேர் (வேலை நாள் கூலி) போய்விடும். கையில் இருக்கும்போதே எம்.சி.யூ.ஜியை முடித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களை முட்டாள் என்று தள்ள முடியாது.

---

சிறுநீரக_கிளினிக்

தள்ளவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு வேறு. அந்தப் பிள்ளையின் எம்.சி.யூ.ஜி சுத்தமாக வந்தால் அடுத்த காய்ச்சலில் யூரின் பார்க்காமல் விடுவதற்கு அதுவே சாட்டாகிவிடும். ரிஃப்ளக்ஸ் இல்லாத பிள்ளைக்கும் தொற்று வரும், தழும்பும் வரும். அந்த ஒரு நாள் பேரைச் செலவழிப்பதானால், தொற்று முடிந்து 4 முதல் 6 மாதத்தில், சந்தேகமான பிள்ளைக்கு, பேராதெனிய நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டி.எம்.எஸ்.ஏக்குச் செலவழிக்கலாம். அவசரப்பட்டு முன்னே எடுத்தால் தொற்றின் வீக்கமும் தழும்பும் ஒன்றுபோலத் தெரியும்.

செய்ய வேண்டியது, கார்டின் முன்பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி: "காரணம் தெரியாத காய்ச்சல் 24 மணித்தியாலம் தாண்டினால், அன்டிபயோட்டிக்குக்கு முன் யூரின் ஃபுல் ரிப்போர்ட், கல்ச்சர்." டிஸ்பென்சரியில் யூரினில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் இருந்தால் நல்லது. கைக்குழந்தையில் நைட்ரைட் (ஸ்ட்ரிப்பில் கிருமியைக் காட்டும் கட்டம்) நெகட்டிவ் என்பதை நம்பாதீர்கள், யூரின் நாலு மணித்தியாலமாவது மூத்திரப்பையில் நின்றால்தான் அது நிறம் மாறும். குழந்தை அதற்குள் பல தடவை போய்விடும். ஸ்ட்ரிப் போத்தலை எடுத்த கையோடு மூடுங்கள், நம் ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் நைட்ரைட் பொய்யாகவே பொசிட்டிவ் காட்டும்.

---

தேயிலைச்சரிவு

11 மாதப் பிள்ளையின் கார்டை இப்போது திரும்பப் பார்த்தேன். யூரின் எடுத்த விதம்: பை. ஈ.கோலை மட்டும், 1,00,000க்கு மேல். சீழ் செல்லும் நிறைய. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

ஆய்வுகூட_மேசை

ஒரே கிருமி, சீழ் செல்லோடு, காய்ச்சலும் மருந்துக்கு விட்டிருக்கிறது. பெரும்பாலும் தொற்றுதான். உறுதி என்று எழுத மாட்டேன்.

---

சிறுநீரக_கிளினிக்

"சாத்தியமான முதல் தொற்று, பையில் எடுத்தது" என்று அப்படியே கார்டில் எழுதுங்கள். அடுத்த தடவை யாராவது இதை இரண்டாவது என்று எண்ணும்போது அந்தச் சொல் அவர்கள் கண்ணில் பட வேண்டும். சொந்தக்காரரிடம், தனியார் இடத்துக் காசை வைத்திருக்கச் சொல்லுங்கள்.